நாற்பது மணித்தியாலம்

போன வருடம் ஆடிப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னதாக ரொறன்ரோவிலிருந்து என் அக்காவின் பேத்தி வந்தாள். வயது 16. இரவு பஸ் அவளையும் தாயையும் விடிய ஐந்து மணிக்குச் சந்தியில் இறக்கிவிட்டது. முகம் கழுவி, பிளேன்ரீ குடித்து, பெட்டியைத் திறந்தாள். முதலில் சொக்கிளேற் வந்தது. பிறகு எனக்கென்று அக்கா கொடுத்துவிட்ட மீன் எண்ணெய்க் குளிசை. கடைசியில், பெட்டியின் அடியிலிருந்து, பிளாஸ்ரிக் உறைக்குள் மடிப்புக் குலையாத ஒரு படிவம்.

“சின்னத் தாத்தா, இதில நீங்கள்தான் சைன் வைக்கவேணும்.”

ஒன்ராறியோ மாகாணத்துப் பள்ளிக்கூடப் படிவம். 1999 இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் தொடங்கி, அங்கே உயர்பள்ளிச் சான்றிதழ் வாங்குகிற ஒவ்வொருவரும் 40 மணித்தியாலம் சம்பளமில்லாத சமூகத்தொண்டு செய்து காட்டவேண்டும். திகதி, இடம், செய்த வேலை, மணித்தியாலம், மேற்பார்வையாளர் ஒப்பம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. எங்கள் காலத்துச் சங்கக்கடைக் கூப்பன் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. நான் ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளர். ஆகவே மேற்பார்வையாளர்.

அவளோடு படிக்கிற சிலர் கொஸ்ரா றிக்காவுக்கு ஆமை முட்டை காக்கப் போய்வந்தார்களாம், அதற்கென்று இருக்கிற கொம்பனிகளுக்குக் காசு கட்டி. “தொண்டு செய்யிறதுக்கும் காசு கட்டுறதோ?” என்று என் மனைவி கேட்டாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுத உதவும் என்றாள் அவளின் தாய், என் மருமகள். அப்படியொரு நிறுவனத்தின் விளம்பரத்தையும் கைத்தொலைபேசியில் காட்டினாள். யாழ்ப்பாணம், திருநெல்வேலியில் மூன்று வாரம் ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று போட்டு, மேலே நெல்லையப்பர் கோவில் கோபுரத்தின் படம். நெல்லையப்பர் தமிழ்நாட்டுக்காரர். எங்கள் திருநெல்வேலிக்குப் பெயர் செம்மண்ணாலும் மரக்கறிச் சந்தையாலும் வந்தது. ஊர்ச்சனம் அதைத் தின்னவேலி என்றுதான் சொல்லும்.

‘கோடை விடுமுறை’ என்ற சொல்லும் இங்கே ஒட்டாது. எங்கள் பள்ளிக்கூடங்களுக்குச் சித்திரையில், ஆவணியில், மார்கழியில் என்று தவணை விடுமுறைகள்தான். ஆடியில் சோளகக் காற்று செம்மண்ணை வாரி முற்றத்தில் கொட்டும்; பனம்பழம் விழத் தொடங்கும்; வீட்டுக்கு வீடு ஆடிக்கூழ் கொதிக்கும். பிள்ளை வந்த கிழமை எங்கள் பிள்ளைகளுக்குத் தவணைப் பரீட்சை. பரீட்சை முடிய விடுமுறை, விடுமுறையோடு நல்லூர்க் கொடியேற்றம். படிப்பிக்க வந்தவளுக்குப் படிக்க ஆளில்லை. கனடாவின் கலண்டரைப் பார்த்துப் போட்ட திட்டம் எதுவும் இங்கே வந்தால் முதலில் இந்த மதிலில்தான் முட்டும்.

அவளுக்கு இது முதல் பயணம். எங்களுக்கு, வெளியூரிலிருந்து தொண்டு செய்ய வருகிறவர்களைப் பார்த்துப் பழகி 200 வருடமாகிறது.

1816 இல் அமெரிக்க மிஷன்காரர் யாழ்ப்பாணம் வந்தார்கள். தானியேல் பூவர் தெல்லிப்பழையில் இருந்தார். எல்லோரும் இறையியல் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிக்கிட்ட இளந்தாரிகள். சமயம் பரப்பத்தான் வந்தார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் வந்தவர்கள் முதலில் தமிழ் படித்தார்கள். பூவர் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடக்கினார். 1855 இல் வாந்திபேதி கண்டு மானிப்பாயில் செத்தார். 1820 இல் வந்த மிரன் வின்சிலோவின் பெயரில் 1862 இல் வெளிவந்த தமிழ் ஆங்கில அகராதியை நான் இப்போதும் புரட்டுகிறேன்.

இன்றைக்கு ‘ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுங்கள்’ என்று வருகிற விளம்பரத்துக்கும் அந்தக் காலத்தில் அச்சு இருந்தது. அமெரிக்காவில் ஒருவர் பணம் அனுப்புவார். இங்கே மிஷன் விடுதியில் ஒரு பிள்ளை சாப்பிட்டுப் படிக்கும். பணம் கொடுத்தவர் சொன்ன பெயரை அந்தப் பிள்ளை சுமக்கும். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்று எங்கள் இலக்கிய வரலாற்றில் பாதி அமெரிக்கப் பெயரோடு நடமாடுகிற பெரியவர்கள் அந்த வழக்கம் நடந்த காலத்துப் பிள்ளைகள். சி. வை. தாமோதரம்பிள்ளையின் ‘சி’யை மட்டும் யாரும் சார்ள்ஸ் என்று நினைத்துவிடவேண்டாம். அது சிறுப்பிட்டி.

பெயரை வாங்கியவர்கள் எல்லோரும் வேதத்தை வாங்கவில்லை. எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தை எடுத்தார்கள், கணக்கை எடுத்தார்கள், வானசாஸ்திரத்தை எடுத்தார்கள், வீட்டுக்கு வந்து திருநீறு பூசிக்கொண்டார்கள். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் துணைநின்று, 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடக்கினார். அடுத்த ஆண்டு அச்சுக்கூடமும் வைத்தார். 1855 இல் மிஷன் தலைமை கணக்குப் பார்த்தது: படிப்பு வளர்கிறது, சபை வளரவில்லை. செமினரியை மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, 1857 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பீ.ஏ. பரீட்சையில் தேறினவர்கள் அந்தச் செமினரியின் பழைய மாணவர்கள் இருவர், தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். தொண்டு செய்ய வந்தவர் தோற்றுப்போனதாக நினைத்த இடத்தில் தொண்டு பெற்றவர் வென்றிருக்கிறார். எனக்கு இது ஒரு பெரிய பகிடி.

பிள்ளைக்கு நான் சொன்ன கதை எலைசா அக்னியூவினுடையது. நியூயோர்க்கில் பள்ளிச் சிறுமியாக இருந்த நாளிலேயே தூரதேசம் போவதென்று தீர்மானித்தவர். 1840 இல் உடுவில் மகளிர் பாடசாலைக்கு வந்தார். அது 1824 இல் ஹரியற் வின்சிலோ தொடக்கின பெண்கள் விடுதிப் பள்ளி. சுமார் 40 வருடம் படிப்பித்து, ஒரு தடவைகூட ஊர் திரும்பாமல், 1883 இல் மானிப்பாயில் கண்ணை மூடினார். 1,000 பெண்பிள்ளைகளுக்குத் தாய் என்று சொல்வார்கள்.

“ஒருக்காலும் திரும்பிப் போகேல்லையா? ஹொலிடேக்குக்கூட?”

“இல்லை.”

“அவவின்ர அம்மா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அக்னியூவின் புகழ்பாடுகிற எவரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் அறியேன்.

1847 இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, ஆங்கிலத்தில் வைத்தியம் படித்த பெடியள் ஊரைவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்கு ஓடுவதைக் கண்டார். அதன்பிறகு தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்றுக்கும் மருந்துக்கும் தமிழில் நூல் செய்தார். 60 பேருக்கு மேல் அவரிடம் வைத்தியம் படித்தார்கள். வேட்டியைக் கழற்றிக் காற்சட்டை போடவேண்டாம் என்றும் அவர்களுக்குச் சொன்னார். 1884 இல் அமெரிக்காவில் இறந்தபோது, தமிழருக்கு வைத்திய நற்செய்தியாளர் என்ற பொருளில் கல்லறையில் எழுதச் சொல்லியிருந்தார். வந்தவர்களில் நான் மனதார வணங்குகிற ஆள் இவர். தான் போனபிறகும் வேலை நடக்கவேண்டுமென்று பார்த்தவர்.

இனி எங்கள் ஊருக்குக் கிட்ட வருகிறேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி கட்டி 1913 இல் திறந்தார். அதற்குத் தலைவியாக அவர் அழைத்து வந்த பெண்ணைப் பற்றி லண்டனில் இன்றைக்கும் புத்தகம் எழுதுகிறார்கள். புளோரன்ஸ் ஃபார். நடிகை. பேர்னாட் ஷாவின் நாடகங்களிலும் டபிள்யூ. பி. யேற்ஸின் நாடகங்களிலும் நடித்தவர். இருவருக்கும் நெருங்கிய தோழி. மடியில் ஒரு சிறு நரம்பிசைக் கருவியை வைத்து மீட்டியபடி கவிதை சொல்வதில் பேர்போனவர். யாழ் மீட்டிக் கவிதை சொன்னவள் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தாள் என்று தமிழ் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆனால் 1912 இல், 52 வயதில், கையிலிருந்ததை விற்றுவிட்டு அப்படித்தான் வந்தார். மார்புப் புற்றுநோய் கண்டு 1917 ஏப்ரலில் கொழும்பில் இறந்தார். யேற்ஸ் பிறகு தன் கவிதையொன்றில் அவரை நினைத்துக்கொண்டார். கல்லூரி வாசலால் நான் ஆயிரம் தடவை சைக்கிளில் போயிருக்கிறேன். அவர் பெயர் காதில் விழுந்தது அறுபது வயதுக்குப் பிறகுதான்.

ஆண்பிள்ளைகளுக்கு இராமநாதன் 1921 இல் எங்கள் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். அந்த வளவில்தான் 1974 ஒக்ரோபரில் பல்கலைக்கழக வளாகம் வந்தது. பேராசிரியர் கைலாசபதி முதல் தலைவர். சந்திக்கு இன்றைக்கும் பரமேஸ்வராச் சந்தி என்றுதான் பெயர். கம்பஸ் வந்ததோடு ஒழுங்கைக்கு ஒழுங்கை வீட்டின் பின்பக்கத்தில் ஓர் அறை இறக்கி வாடகைக்குவிட்டார்கள். மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள். வேற்றூர்ப் பிள்ளை வந்து தங்கிப் படிக்கிற விஷயத்தில் எங்கள் ஊருக்குக் கிடைத்த உண்மையான அனுபவம் அதுதான்.

இளம்பிள்ளைகளை விடுமுறையில் வேற்றிடத்துக்கு அனுப்பி வேலை செய்விக்கிற யோசனை எங்கே பிறந்ததென்று தேடினால், முதலாம் உலகப் போர் முடிந்த ஐரோப்பாவுக்குப் போகவேண்டும். 1920 இல் சுவிஸ்காரரான பியர் செரசோல், வேர்டன் போர்க்களத்துக்குப் பக்கத்தில் இடிந்த கிராமமொன்றைக் கட்டியெழுப்பப் பல நாட்டாரைக் கூட்டி முகாம் போட்டார். நேற்றுவரை போரிட்ட நாடுகளின் ஆட்கள் ஒன்றாகக் கல் சுமந்தார்கள். 1934 பீகார் பூகம்பத்துக்குப் பிறகு அவர் இந்தியாவுக்கும் வந்து வேலை செய்தார். போரில் அம்புலன்ஸ் ஓட்டின அமெரிக்கர்களின் ஏ.எஃப்.எஸ். அமைப்பு 1947 இலிருந்து உயர்பள்ளி மாணவர்களை நாட்டுக்கு நாடு மாற்றத் தொடங்கியது. போரின் சாம்பலிலிருந்து முளைத்த இந்தச் செடி, விண்ணப்பப் படிவத்து அலங்காரமாக எப்படிக் காய்த்ததென்பது தனிக்கதை.

இலங்கைக்கு இதில் சொந்தமாக ஒன்று உண்டு. 1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனதொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சாதியில் ஒதுக்கப்பட்ட ரொடியர் கிராமம். பட்டணத்துப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, அந்தச் சனத்தோடு சாப்பிட்டு, மண் வெட்டினார்கள். அதிலிருந்துதான் சர்வோதயம் வளர்ந்தது, ‘சிரமதானம்’ என்ற சொல்லும் எங்கள் வாயில் ஏறியது.

நாங்களும் சிரமதானம் செய்தோம். 1970 என்று நினைக்கிறேன். வாத்தியார் ஒருவர் எங்களைச் சனிக்கிழமையில் பக்கத்துக் குறிச்சிக்கு ஒழுங்கை திருத்தக் கூட்டிக்கொண்டு போனார். மண்வெட்டி, கடகம், 20 பெடியள். எங்கள் வீட்டார் படலைக்கு உள்ளே விடாத சனம் இருந்த குறிச்சி அது. பதினொரு மணிபோல ஒரு வீட்டுக்கார அம்மா ரீ கொண்டுவந்தா. தம்ளர்களெல்லாம் புதிது, கடையில் ஒட்டின தாள்கூட இன்னும் உரிபடவில்லை. எங்களுக்கென்றே வாங்கியிருக்கிறா. சிலர் குடித்தார்கள். நான் வாங்கிக்கொண்டு வேலிக்கரைக்குப் போய், கிளுவை மரத்தடியில் ஊற்றிவிட்டு, வெறுந் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, தம்ளரின் அடியைப் பார்த்தா. சீனி ஒட்டியிருக்கவில்லை என்று கண்டிருப்பா. ஒழுங்கை நன்றாகத்தான் திருத்தினோம்; மாரி மழைக்கும் நின்றது.

பிறகு போகிறவர்களின் காலம் வந்தது. 1983 யூலை 23, சனிக்கிழமை இரவு, பலாலி வீதியில் தபாற்பெட்டிச் சந்திக்குக் கிட்டக் கண்ணிவெடி. 13 இராணுவத்தினர் இறந்தார்கள். அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டு ஓடு இரண்டு கீழே விழுந்தது. விடிந்ததும் இராணுவம் ஊருக்குள் வந்து அகப்பட்ட சனத்தைச் சுட்டது. அதைத் தொடர்ந்து கொழும்பில் தமிழருக்கு நடந்ததை உலகம் அறியும். அடுத்த வருடம் அக்கா குடும்பம் வெளிக்கிட்டது. மருமகளுக்கு அப்போது ஆறு வயது. 1986 ஓகஸ்டில் 155 தமிழர் நியூபவுண்லாந்துக் கரையோரம் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து, கனடா மீனவர்களால் மீட்கப்பட்டார்கள். எங்கள் வீதியில் நடந்த ஒன்று கனடாவில் ஒரு தலைமுறையை உண்டாக்கிவிட்டது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள்தான் இப்போது படிவத்தோடு வருகிறார்கள்.

2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்த பிறகு வந்த ஆடியில்தான் இந்தப் பிள்ளைகளை முதன்முதலாகக் கூட்டமாகக் கண்டோம். தண்ணீர்ப் போத்தலும் நுளம்புக் கடியுமாக வந்தார்கள். 2009 இல் போர் முடிந்த பிறகு இன்னும் கூட. கூடவே ஒரு வழக்கமும் ஊன்றியது. வெளிநாட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் இங்கே சிறுவர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு. அப்பப்பாவின் திவசமென்றாலும் அதே சாப்பாடு. இல்லத்துப் பிள்ளைகள் வரிசையில் இருந்து, முகம் தெரியாத ஒருவருக்கு வாழ்த்துப் பாடுவார்கள். பரிமாறுகிறவர் படம் எடுப்பார். கம்போடியாவிலும் நேபாளத்திலும் இப்படி வருகிறவர்களுக்காகவே பெற்றோர் உள்ள பிள்ளைகளையும் அநாதையாக்கி இல்லம் நடத்தினார்கள் என்று தெரியவந்த பிறகு, அவுஸ்திரேலியாவில் இதை நவீன அடிமைத்தனத்தோடு சேர்த்துப் பேசத் தொடங்கிவிட்டார்கள். இங்கே அப்படியென்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போகலாமா என்று மருமகள் கேட்டபோது வேண்டாம் என்றேன். சோறு கொடுக்கலாம், பார்க்கப் போகவேண்டியதில்லை.

பதிலாக, பின்னேரங்களில் சனசமூக நிலையத்தில் ஆங்கில வகுப்பு வைத்தோம். பரீட்சை முடிந்த பிள்ளைகளில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முதல் நாளே எட்டாம் வகுப்புப் பெடியன் ஒருவன் எழும்பி, ‘சின்ஸ்’ எங்கே வரும், ‘ஃபோர்’ எங்கே வரும் என்று கேட்டான். இவள் யோசித்தாள். வாய்க்குள் இரண்டு வசனம் சொல்லிப் பார்த்தாள். “தெரியேல்ல. கேக்க சரியா இருந்தா சரி.” வகுப்பு சிரித்தது. பெடியன் கரும்பலகைக்குப் போய், ரியூசனில் படித்த விதியை உதாரணத்தோடு எழுதி, அவளுக்கே விளங்கப்படுத்தினான். அடுத்த நாளிலிருந்து பேரம் மாறியது. அரை மணித்தியாலம் அவள் ஆங்கிலத்தில் கதைப்பாள், அவர்கள் கேட்பார்கள். அரை மணித்தியாலம் அவர்கள் அவளுக்கு ‘ழ’ எழுதக் காட்டுவார்கள். பத்து நாள் போனது. ‘ழ’வின் கீழ்ச்சுழி மட்டும் கடைசிவரை இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது.

காலையில் பத்திரிகைக் கட்டு அடுக்கும் வேலை. கறையான் தட்டி, வருடவாரியாகப் பிரித்து, சணல் கயிற்றால் கட்டவேண்டும். வருடத்தை வாசிக்கத் தமிழ் தேவையில்லை. நாலாம் நாள் கேட்டாள்: “சின்னத் தாத்தா, 1996 க்கு முந்தினது எங்க?”

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் ஒரே வீதியால் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. சைக்கிளில் அம்மாவை வைத்துத் தள்ளிக்கொண்டு நான் போனேன். அடுத்த சித்திரை வைகாசியில் திரும்பியபோது நிலையத்தில் அலுமாரி இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. இதைச் சொன்னேன். அவள் கயிறு கட்டுவதை நிற்பாட்டவில்லை. “அம்மம்மா இதைச் சொல்லேல்ல,” என்றாள். அக்கா எப்படிச் சொல்வாள், அவள்தான் அப்போது இங்கே இல்லையே.

போகிற நாளுக்கு முதல் நாள் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். மொத்தம் 27½ மணித்தியாலம் போட்டிருந்தது.

“நாப்பது எண்டு போடு பிள்ளை. சைன் வைக்க எனக்கென்ன செலவு?”

“இல்லை. ‘ழ’ எழுதினது கணக்கில்லை, அது நான் படிச்சது. மிச்சத்தை அங்க ஃபுட் பாங்கில செய்வன்.”

கையெழுத்து வைத்தேன். அப்போது நிலையத் தலைவர் வந்துவிட்டார். கனடா அரசாங்கத்துக்குப் போகிற கடதாசி சீல் இல்லாமல் போகக்கூடாது என்றார். தேவையில்லை அங்கிள் என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லாச்சியைத் திறந்து சீலைத் தேடி எடுத்தார். ஊதாமைப் பெட்டி காய்ந்து வெடித்திருந்தது. மேசையிலிருந்த பிளேன்ரீயில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, ஊதிப்பார்த்து, ஓங்கிக் குத்தினார். மேற்பார்வையாளர் என்ற கட்டத்துக்குள், தலைகீழாக, திருநெல்வேலி விழுந்தது.